எழுத்தும் ஒலிப்பும் எங்கே பிரிகின்றன?

"ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்றாக இருக்கிறது; தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படித்துவிடுகிறோம். இந்த வேறுபாடு எதனால் வந்தது? ஒலிப்போடு முழுவதும் பொருந்தும் எழுத்துமுறை எந்த மொழிக்காவது உண்டா?" என்பது கேள்வி. ஆங்கிலத்தைப் பற்றிய முதற்பாதி பெரும்பாலும் சரி. தமிழைப் பற்றிய பாதி நாம் நம்புகிற அளவுக்குச் சரியில்லை. விளக்கத் தொடங்குவதற்கு முன்பு கேள்வியையே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதியிருப்பதைக் கண்டவுடன் அதன் ஒலிப்பைச் சொல்ல முடிகிறதா என்பது ஒன்று; காதால் கேட்டதைப் பிழையில்லாமல் எழுத முடிகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் குழம்பிப்போகிறது.

பிரெஞ்சு மொழியை எடுத்துக்கொள்வோம். தண்ணீரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை இ, ஏ, யு என்னும் மூன்று ரோமன் எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஒலிப்பதோ 'ஓ' என்ற ஒற்றை உயிர். அந்த மூன்றில் எதற்கும் தனியே அந்த ஒலி கிடையாது. ஆயினும் மூன்றும் இந்த வரிசையில் சேர்ந்து வந்தால் 'ஓ' என்றே ஒலிக்கும் என்ற விதி பிறழாமல் நடப்பதால் படிப்பவருக்குத் தடுமாற்றமில்லை. விதிகளைப் பழகிய ஒருவர் முன்பின் கண்டிராத சொல்லையும் பெரும்பாலும் சரியாகப் படித்துவிடுவார். தொல்லை எழுதும்போதுதான் வருகிறது. பச்சை நிறம், கண்ணாடி, புழு, 'நோக்கி' என்னும் இடைச்சொல் ஆகிய நான்குக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ 'வேர்' என்று ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. நான்குக்கும் எழுத்துக்கூட்டல் வேறு. நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றிலும் வினைச்சொல் காதுக்கு ஒன்று, கண்ணுக்கு மூன்று. ஸ்பானிய மொழி இதைவிட எளியது. 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1741இலேயே எழுத்துக்கூட்டலுக்கு நூல் வெளியிட்டது. படிக்கும் திசையில் அம்மொழி ஏறக்குறைய முழு ஒழுங்கு கொண்டது. அங்கும் பி, வி என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் ஒரே ஒலிதான், எச் ஒலிப்பதே இல்லை என்பதால் எழுதப் பழகும் பிள்ளைகள் தடுக்கி விழுவதற்குச் சில இடங்கள் உண்டு.

ஆங்கிலம் இரண்டு திசையிலும் சறுக்குகிறது. அதற்குக் காரணம் அந்த மொழியின் இயல்பில் இல்லை. அதன் எழுத்துக்கூட்டல் உறைந்துபோன காலத்தில் இருக்கிறது. சுமார் 1400 முதல் 1700 வரையான முந்நூறு ஆண்டுகளில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் அனைத்தும் இடம் பெயர்ந்தன. பெயரைக் குறிக்கும் 'நேம்' என்ற சொல் அதற்கு முன்பு 'நாம' என்பதுபோல ஒலித்தது. ஏ என்ற எழுத்து அங்கே எழுதப்பட்டிருப்பதற்கு அதுவே காரணம். வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தது 1476இல், அதாவது இந்தப் பெயர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே. அச்சகங்கள் பழைய ஒலிப்புக்கேற்ற எழுத்துகளைப் பழக்கமாக்கின. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு நூல்களின் எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. நாக்கு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் கே, என், ஐ, ஜி, எச், டி என்று ஆறு எழுத்துகள் எழுதுகிறோம். அவற்றில் வீணாக நிற்பதுபோலத் தோன்றும் கே-யும் ஜி-எச் இணையும் ஒருகாலத்தில் 'க்நிஹ்ட்' என்பதுபோல உண்மையாகவே ஒலிக்கப்பட்டவை.

எல்லா ஊமை எழுத்துகளும் இப்படிப் பழைய ஒலிகளின் எச்சங்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. சில, கற்றவர்கள் வலிந்து செருகியவை. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் இலத்தீன் மூலத்தில் பி இருப்பதைக் கண்ட அறிஞர்கள், ஆங்கிலேயர் எவரும் ஒலிக்காத அந்த எழுத்தை நடுவில் புகுத்தினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லில் உள்ள எஸ் அதைவிட வேடிக்கையானது. அது பழைய ஆங்கிலச் சொல். இலத்தீனோடு அதற்குப் பிறப்புறவே இல்லை. இலத்தீன் வழி வந்த இன்னொரு சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக எண்ணி எஸ் சேர்த்தார்கள், அந்தப் பிழையே இன்று சரியான எழுத்துக்கூட்டலாகிவிட்டது. எழுத்துக்கூட்டலையே போட்டியாக நடத்தலாம் என்ற எண்ணம் இப்படிப்பட்ட மொழியில்தான் தோன்றும். 1925 முதல் நடந்துவரும் அமெரிக்கத் தேசிய ஸ்பெல்லிங் போட்டியில் 2019ஆம் ஆண்டு நடுவர்களின் சொற்களுக்கு ஈடுகொடுத்து எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து வென்றார்கள். அவர்களில் எழுவர் இந்திய வம்சாவளியினர்.

உறைந்த எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்துக்கு மட்டும் வாய்த்ததில்லை. திபெத்திய எழுத்துமுறை 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்கு செய்யப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது. எட்டு என்னும் எண்ணுப்பெயரை ப், ர், க், ய், த் ஆகிய ஐந்து மெய்களோடு எழுதுகிறார்கள். லாசா நகரத்தவர் ஒலிப்பது ஏறத்தாழ 'கியே' என்ற ஓரசை மட்டுமே. லடாக், பால்திஸ்தான் பகுதிப் பேச்சுகளில் அந்த மெய்க்கூட்டங்களில் சில இன்னும் உயிரோடு இருப்பதால், பழைய எழுத்து வெறும் அலங்காரமாக இருந்ததில்லை என்பது தெரிகிறது. தாய்லாந்தில் காரணம் வேறு. அவர்கள் வடமொழி, பாலிச் சொற்களைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். எழுத்தில் மட்டும் மூலத்தைப் போற்றினார்கள். பாங்காக் விமான நிலையத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து படித்தால் 'சுவர்ணபூமி' என்று வரும், உள்ளூர்க்காரர் சொல்வதோ 'சுவன்னபூம்'. முந்தைய மன்னரின் பெயரில் 'பூமிபல' என்று எழுதியிருப்பது 'பூமிபோன்' என்று ஒலிக்கப்படுகிறது. நம் வங்காளத்திலும் இதுவே கதை: எழுதுவது லக்ஷ்மி, அழைப்பது 'லொக்கி'.

ஒலிப்போடு நெருங்கிப் பொருந்தும் மொழிகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஃபின்னிஷ், துருக்கி, செர்பியம் போன்றவை. ஃபின்னிஷ் மொழியில் 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். நீளும் ஒலி உயிரானாலும் மெய்யானாலும் அதற்குரிய எழுத்தை இரட்டித்துவிடுவார்கள், அவ்வளவுதான் விதி. செர்பியத்துக்கு வுக் கராஜிச் என்பவர், பேசுவதுபோல் எழுத வேண்டும், எழுதியதுபோல் படிக்க வேண்டும் என்ற கொள்கையின்படி 30 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கை அமைத்து 1818இல் அகராதி வெளியிட்டார். அது அரசின் ஒப்புதலைப் பெற அரை நூற்றாண்டு ஆயிற்று. துருக்கியில் 1928 நவம்பர் 1ஆம் நாள் சட்டம் இயற்றி, 1929 ஜனவரி முதல் புதிய நூல்கள் அனைத்தும் ரோமன் வழி எழுத்தில் வர வேண்டும் என்று ஆணையிட்டார்கள். அரபு எழுத்து துருக்கியின் எட்டு உயிர்களைப் பிரித்துக் காட்டப் போதாது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இவை மூன்றும் பொருந்தி நிற்பதற்கு அவற்றை வகுத்தவர்களின் கூர்மை ஒரு பங்குதான். காலத்தால் பிந்தியவை என்பதே பெரும் பங்கு. துருக்கி எழுத்துக்கு இன்னும் நூறு வயதுகூட நிரம்பவில்லை.

பிள்ளைகள் படிக்கக் கற்பதில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதலாண்டுப் பள்ளிப்படிப்பின் முடிவில் பெரும்பாலான மொழிகளின் பிள்ளைகள் பழகிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் படித்தபோது, ஸ்காட்லாந்தின் ஆங்கிலப் பிள்ளைகள் நூற்றுக்கு 34 சொற்களையே படித்தார்கள். அவர்கள் பள்ளிக்கு இளவயதிலேயே வந்துவிடுகிறவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதைக் கழித்தாலும் இடைவெளி பெரியதுதான்.

அப்படியானால் ஏன் திருத்திக்கொள்ளவில்லை என்று கேட்கத் தோன்றும். முயற்சி நடக்காமல் இல்லை. 1906இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களின் எழுத்துக்கூட்டலை எளிதாக்கி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார்; பத்திரிகைகள் நகைத்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, அதே ஆண்டிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிரான்சில் 1990இல் முன்வைக்கப்பட்ட மிதமான திருத்தங்கள் 2016இல் பாடநூல்களுக்கு வந்தபோது, வெங்காயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒலிக்காத ஓர் எழுத்தை நீக்கியதற்காகவே பெருங்கூச்சல் எழுந்தது. இதில் பழமைப்பற்று மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் காரைக் குறிக்கும் சொல்லின் கடைசி ரகரத்தை லண்டன்காரர் ஒலிப்பதில்லை. ஸ்காட்லாந்தினரும் பெரும்பாலான அமெரிக்கரும் ஒலிக்கிறார்கள். யாருடைய வாயைப் பார்த்து எழுத்தைத் திருத்துவது? எவருடைய பேச்சோடும் முழுதாகப் பொருந்தாத எழுத்துக்கூட்டலைத்தான் எல்லோரும் பொதுவாக வைத்துக்கொள்ள முடிகிறது.

இதுவரை சொன்னதில், எழுத்து ஒலியைத்தான் காட்ட வேண்டும் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டே பேசினேன். உண்மையில் எழுத்துக்கூட்டலுக்கு மற்றொரு வேலையும் உண்டு: சொல்லின் வேரை அடையாளம் காட்டுவது. ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்குரிய இ-டி விகுதி 'வாக்ட்' என்பதில் ட் ஆகவும், 'கால்ட்' என்பதில் அதன் மெல்லொலியாகவும், 'வாண்டட்' என்பதில் தனி அசையாகவும் ஒலிக்கிறது. எழுத்தில் எங்கும் இ-டி தான். கையொப்பமிடுவதைக் குறிக்கும் 'சைன்' என்பதில் ஊமையாகக் கிடக்கும் ஜி, 'சிக்னேச்சர்' என்பதில் வாய் திறக்கிறது. அதை நீக்கிவிட்டால் இரண்டும் ஒரு குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியாது. ருஷ்யர்கள் பாலைக் குறிக்கும் சொல்லை 'மொலொக்கோ' என எழுதி 'மலக்கோ' என ஒலிக்கிறார்கள்; பக்கத்து பெலாருஸ் நாட்டினர் ஒலிப்பதையே எழுதுகிறார்கள். ஒலிப்பில் இவ்வளவு நெருங்கிய இரு மொழிகள் எழுத்தில் எதிரெதிர் முடிவுகளை எடுத்திருக்கின்றன.

கொரிய மொழி இதில் தனித்து நிற்கிறது. மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் என்னும் கொரிய எழுத்துமுறை, மெய்யெழுத்துகளின் வடிவத்தையே நாவும் இதழும் நிற்கும் நிலையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒலிக்கு இவ்வளவு நெருக்கமான எழுத்தை வைத்துக்கொண்டும், 1933இல் எழுத்துக்கூட்டலை வரையறுத்த கொரிய மொழியறிஞர்கள் ஒலித்தபடி எழுதும் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. விலையைக் குறிக்கும் 'கப்ஸ்' என்ற சொல் தனியே நின்றால் 'கப்' என்றும், இகரத்தில் தொடங்கும் உருபு சேர்ந்தால் 'கப்சி' என்றும், 'மன்' சேர்ந்தால் 'கம்மன்' என்றும் ஒலிக்கும். மூன்றிலும் அடிச்சொல்லை மாற்றாமல் எழுத வேண்டும், புணர்ச்சியால் வரும் மாற்றத்தைப் படிப்பவரின் நாக்கு பார்த்துக்கொள்ளும் என்று விதித்தார்கள்.

இந்த இடத்தில் தமிழை வைத்துப் பார்க்கும்போதுதான் நம் எழுத்துமுறையின் தனித்தன்மை புலப்படுகிறது. நாம் கொரியருக்கு நேர் எதிர்முனையில் இருக்கிறோம். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். முள்ளோடு செடி சேர்ந்தால் முட்செடி. பொன்னோடு தாமரை சேர்ந்தால் பொற்றாமரை. அடிச்சொல்லின் உருவம் சிதைந்தாலும் ஒலித்ததையே எழுத வேண்டும் என்பது நம் மரபு. கொரியர் வழியில் எழுதினால் 'மரம்கள்' என்று எழுதி 'மரங்கள்' என்று படித்திருப்போம். எழுத்ததிகாரத்தில் புணர்ச்சிக்கென்று இத்தனை இயல்கள் தேவைப்பட்டதற்கும், பள்ளியில் புணர்ச்சி விதிகளோடு நாம் பட்ட பாட்டுக்கும் இந்த முடிவே மூலம். ஆனால் அண்மைக்காலத்தில் நம் எழுத்து சத்தமில்லாமல் கொரியாவை நோக்கி நகர்ந்துவருகிறது. 'நாடோறும்' என்பதை இன்று எவரும் எழுதுவதில்லை, 'நாள்தோறும்' என்கிறோம். 'கற்றூண்' போய்க் 'கல்தூண்' வந்துவிட்டது. 'சொற்றொடர்' மட்டும் பாடநூலின் தயவில் தப்பிப் பிழைத்திருக்கிறது. இதை வீழ்ச்சி என்று புலம்புபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்விட்டுப் படித்த காலத்தில் காதுக்காக எழுதினார்கள். மௌனமாகக் கண்ணால் படிக்கும் காலத்தில் வேர்ச்சொல் முழுதாகத் தெரிவது உதவியாக இருக்கிறது.

தமிழைப் படிக்கும் திசையில் ஒழுங்கு எவ்வளவு என்று பார்ப்போம். ககரம் ஒன்றே கல், பக்கம், தங்கம், பகல் என்ற நான்கில் மூன்று விதமாக ஒலிக்கிறது. அந்நியர் இதைக் குறை என்பார்கள், அது குறையில்லை. சொல்லின் முதலில் வல்லொலி, இரட்டித்தால் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின் மெல்லொலி, உயிர்களுக்கு நடுவே தேய்ந்த ஒலி என்று ஒலிப்பு இடத்தாலேயே முடிவாகிவிடுவதால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே எடுத்துக்காட்டினார். பிறமொழிச் சொற்கள் வந்து புகுந்தபோதுதான் விதி உடைந்தது. 'பல' என்ற சொல்லிலும் 'பலம்' என்ற சொல்லிலும் முதலெழுத்து ஒன்று, ஒலி வேறு. குற்றத்தைக் குறிக்கும் பாவத்தையும் நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவத்தையும் ஒரே மாதிரி எழுதி வேறு வேறாக ஒலிக்கிறோம். பஸ் பாஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவனும் ஒரே பகரத்தை அடுத்தடுத்து இருவிதமாகப் படிப்பவன்தான். சொல்லை முன்பே அறிந்திருப்பதால் நமக்கு இது உறைப்பதில்லை. தமிழைப் புதிதாகக் கற்கிறவருக்கு இவை ஆங்கிலத்தைப் போலவே மனப்பாடம் செய்ய வேண்டியவை.

எழுதும் திசையில் நிலைமை இன்னும் மோசம். கரை, கறை, பனி, பணி, வலி, வளி, வழி ஆகியவற்றைப் பேச்சில் பிரித்து ஒலிப்பவர் குறைந்துவருகிறார்கள். ரகர றகர வேறுபாடு குமரி மாவட்டப் பேச்சில் இன்னும் காதில் விழுகிறது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலோர்க்கு அது எழுத்தில் மட்டும் வாழும் வேறுபாடு. நகரமும் னகரமும் ஒலியில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால் முந்நூற்றை 'முன்னூறு' என்று எழுதும் பிழை அச்சிலேயே வருகிறது. பிரெஞ்சுக்காரருக்கு 'வேர்' எப்படியோ நமக்கு இவை அப்படி. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது, 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது என்று ஒற்று ஒன்றால் பொருள் பிரிவதைச் சொல்லிக்கொடுக்கிறோம். பேசும்போது அந்த ஒற்றை அழுத்திச் சொல்கிறவர் எத்தனை பேர்?

எழுத்து விட்டுவிட்ட ஒலிகளையும் நம் இலக்கணிகள் அறியாமல் இல்லை. நாடு, பாக்கு போன்ற சொற்களின் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குறுகிய உகரத்தைத் தொல்காப்பியம் குற்றியலுகரம் என்று தனியே வகுத்து, அதற்குப் புள்ளி உண்டு என்றும் கூறுகிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் அது புள்ளி விதித்தது. ஓலையில் கீறும்போது புள்ளி இடுவது கைவிடப்பட்டதால், குறிலா நெடிலா என்பதைச் சூழலைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருந்தது; 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தால்தான் ஏகார ஓகார நெடில்களுக்குத் தனி வடிவம் கிடைத்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற பெரியாரின் சீர்திருத்தம் எழுத்தின் வடிவத்தைத் தொட்டதேயன்றி எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை. ஐகாரத்துக்கு 'அய்' என்று அவர் எழுதியதுதான் எழுத்துக்கூட்டல் சார்ந்த மாற்றம், அது பொதுவழக்காகவில்லை.

தமிழில் எழுதியதை அப்படியே படிக்கிறோம் என்ற நம்பிக்கைக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. 'காற்று' என்று எழுதியிருப்பதைச் சென்னைக்காரர் மேடையில் 'காற்று' என்றே படிப்பார்; வீட்டில் 'காத்து' என்பார். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதும் இப்படியே. எழுத்து பேச்சை விட்டு விலகிய அளவுக்கு நாம் எழுத்துக்கென்றே ஒரு தனித் தமிழை வாயில் வைத்திருக்கிறோம். எழுத்தோடு பொருந்துவது அந்தத் தமிழ்தான். ஆங்கிலேயர் வீட்டில் பேசுவதையும் புத்தகத்தில் படிப்பதையும் ஏறத்தாழ ஒரே ஒலிப்பில் செய்வதால் அவர்களுடைய இடைவெளி எழுத்துகளுக்குள்ளேயே தெரிகிறது. நம்முடையது இரண்டு வழக்குகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறது.

ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஊரார் இரண்டு முடிவு எடுப்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் 'காற்று' என்பதன் ற்ற-வை நுனிநா அண்ணத்தின் முன்பக்கத்தைத் தொட ஒலிக்கிறார்கள். ஆங்கில டி-யும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதனால் அவர்களுக்கு அது டகரமாகக் கேட்பதில்லை. ரகர றகரக் குடும்பத்தில் சேர்த்து 'ரி.வி.', 'பற்றரி', 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். ற்ற-வின் அந்த ஒலியைப் பேச்சில் இழந்துவிட்ட தமிழ்நாட்டினர் மிச்சமிருக்கும் டகரத்தை எடுத்து 'டி.வி.', 'பேட்டரி', 'டொரண்டோ' என்று எழுதுகிறார்கள். 'ரொறன்ரோ'வைக் கண்டு சிரிக்கும் சென்னை வாசகர், தம்முடைய 'டொரண்டோ' நாக்கை எவ்வளவு பின்னுக்கு வளைக்கிறது என்பதை யோசித்துப் பார்ப்பதில்லை. அந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த ஆங்கிலப் பேச்சாளர் பலரோ பெயரின் இரண்டாவது டி-யை ஒலிப்பதே இல்லை.